வந்திருக்கும் அணி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஹாக்கி அரங்கின் படிகளைக் கைப்பிடி பிடித்தே ஏறுங்கள். நான் நலம்தான், இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

இங்கே மினசோட்டாவில் ஊரே கரடிகள் கட்சி. கல்லூரி ஐஸ் ஹாக்கி தரவரிசையில் நம் ஓநாய்கள் நான்காம் இடம், அவர்கள் மூன்றாம் இடம். அலுவலகத்தில் பக்கத்து மேசை டார்லீனுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க மிச்சிகன்ல ஐஸ்தான் இருக்கு, ஆட்டம் எங்கடி?" என்று தினமும் வம்புக்கு இழுக்கிறாள்.

சனிக்கிழமை நம் பையன்கள் இங்கே ஆட வந்தார்கள். நம் அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு போனேன். எதிரணியின் பெயர்களை வாசிக்கும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைக்கும் வழக்கம் இங்கேயும் உண்டு. "வந்திருக்கும் அணி" என்று ஒலிபெருக்கி சொன்னதும் என் கை தானாகத் தாளை விரித்துவிட்டது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருடம் பழகிய கை. நம் எதிர்வீட்டு ஆர்வோவின் பெயர் கேட்ட பிறகுதான் உறைத்தது, வந்திருப்பது நாம்.

"அடிப்பாவி, நீயும் எங்க ஆளாயிட்டியா!" என்று டார்லீன் கத்தினாள்.

டிவியில் என்னைக் காட்டியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன்பின் தொண்டை கட்டும்வரை நமக்காகத்தான் கத்தினேன். ஆனாலும் தோற்றோம்.

நம் ஊர்ச் செய்தித்தாளை அனுப்புங்கள், பழையதானாலும் சரி. படிக்கத்தான் கேட்கிறேன்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது, டார்லீன் கூப்பிடுகிறாள். அரங்கில் என் இருக்கையில் உங்கள் கோட்டைப் போட்டு வையுங்கள். யாராவது கேட்டால், ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் ஐலா