டாட் காம் சேர்க்காதீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று கண்ணாடி வெட்டினேன். ஒன்றிலும் விரிசல் இல்லை. எழுபத்தொரு வயதில் இது போதும். மதியம் கடையின் இணைய முகவரிக்குப் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. முதல் ஐந்து வருடத்துக்குச் சும்மா கொடுப்பதுபோல் கொடுத்தார்கள். இப்போது மூன்று மடங்கு. மே முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கலாமாம்.

மகள் சொன்னாள்: "விட்டுடும்மா. டாட் கிளாஸ்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது. இலவச மெயில் ஒண்ணு போதும்."

போதுமாம். விற்ற கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் அந்த முகவரியைப் பொறித்திருக்கிறேன். கண்ணாடியில் அரித்ததை அழிக்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்

எங்கள் கடைப் பெயரில் டாட் காம் முகவரி தம்பியிடம் இருக்கிறது. சேர்ந்து கடை நடத்தியபோது அவன் பெயரில் பதிவு செய்தான். பிரிந்தபோது அதோடு போனான். இப்போது அலுமினியச் சட்டம் விற்கிறான். அவனுடையது கடைப் பெயர், கிளாஸ், டாட் காம். என்னுடையது கடைப் பெயர், டாட், கிளாஸ். அதோடு முடிந்தது. நானே கற்று, நானே வெட்டி, நான் சம்பாதித்த பெயர் அது. ஐந்து வருடமாகப் பேச்சில்லை. நான் கைவிட்டால் மறுநாளே இதையும் அவன் வாங்குவான். விடுவேனா?

மார்ச் 15, சனி

முடிதிருத்தும் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே என் கண்ணாடிகள் நான்கு. முடி வெட்டிக்கொள்கிறவருக்கு மூலையைப் படிப்பதைத் தவிர வேறு வேலை ஏது? எழுந்து வந்த ஒவ்வொருவரையும், "அந்த மூலையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். ஒன்பது பேர். ஆறு பேர் நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுவிட்டு, கடைசியில் டாட் காம் சேர்த்துச் சொன்னார்கள். இல்லாததை எப்படிப் படிக்கிறார்கள்?

கடைக்காரர், "அம்மா, முடி வெட்ட வர்றவங்கள பரீட்சை எழுத வச்சா அடுத்த மாசம் வரமாட்டாங்க" என்றார்.

அப்படியானால் அந்த ஆறு பேரின் மெயிலும் தம்பிக்குத்தான். விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

மார்ச் 16, ஞாயிறு

மகளிடம் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாள்.

மார்ச் 22, சனி

வழி கிடைத்துவிட்டது. எழுத்து வெட்டிய தாளை ஒட்டி, அரிக்கும் பசை தடவி, முகவரிக்குக் கீழே இரண்டாவது வரி: "இவ்வளவுதான். டாட் காம் சேர்க்காதீர்கள்." முடிதிருத்தும் கடையில் நான்கிலும் முடித்தேன். துணிக்கடை, உடற்பயிற்சிக் கூடம், லிஃப்ட் — வரிசையாகப் போவேன்.

"உன் கோபத்தையும் பொறிச்சுட்டியாம்மா?" என்றாள் மகள்.

பொறித்தேன். அழகாகவே வந்திருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

முப்பத்தெட்டுக் கண்ணாடிகள். முழங்கை வலி. சுகமான வலி. மெயில் எல்லாம் நேராக எனக்கே வருகிறது.

மே 13, செவ்வாய்

தம்பி போன் செய்தான்.

"அக்கா... கடைய மூடிட்டியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், மூடணுமா?"

"மூணு வாரமா உனக்குப் போடுற மெயில் ஒண்ணுகூட எனக்கு வரல. எப்பவும் வாரத்துக்கு நாலஞ்சு வரும். பயந்துட்டேன்."

"வந்ததையெல்லாம் என்னடா பண்ணே?"

"என்ன பண்ணுவேன்? டாட் காமை எடுத்துட்டு, கிளாசுக்கு முன்னாடி புள்ளி வைங்க, அது எங்க அக்கா கடைன்னு பதில் போடுவேன். அவங்க உன்கிட்ட வரலியா?"

வந்தார்கள். தாங்களாகவே தேடி வந்தார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பெயரை எடுத்துக்கொண்டு போனது தப்பு என்று சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. "பிரிஞ்ச அன்னைக்கு நீ பேசின பேச்சு மட்டும் சரியா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் — ஐந்து வருடம், வாரத்துக்கு நாலைந்து தடவை, "எங்க அக்கா" என்று எழுதியிருக்கிறானா?

மே 31, சனி

முகவரிக்குப் பணம் கட்டிவிட்டேன். ஒரு வருடமா, பத்து வருடமா என்று திரை கேட்டது. பத்தை அழுத்தினேன். மகள் என் வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

நடனப் பள்ளிக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று போனது. நல்ல வெட்டு. மூலையில் முகவரி. கீழே இரண்டாவது வரிக்கு இடம் இருந்தது. பொறிக்கவில்லை. சேர்க்கிறவர்கள் சேர்க்கட்டும்.