கொட்டகை வரைக்கும் வைஃபை

வைகாசி 7, புதன்

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட்டெல்லாம் கரையில். கூடையில் சங்கரா கொஞ்சம், காரப்பொடி கொஞ்சம். அணுபுரம் குவார்ட்டர்ஸ் பக்கம் பத்தரைக்குள் விற்று முடிந்தது.

இது ஐஸ் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. இதுவரை மளிகை லிஸ்ட் மட்டும்தான் எழுதினேன். இன்று வேறு விஷயம். வீட்டில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, நான் படித்த அஞ்சாங் கிளாஸுக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

சேகர் என் கொழுந்தன். வயது முப்பத்தொன்று. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. போட் இன்ஜின் மெக்கானிக். ஓடுகிற இன்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பான், எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவான். அவன் கொட்டகை வீட்டுக்குப் பின்னால், மனையின் கோடியில், சவுக்கு மரங்களை ஒட்டி. அவ்வளவு தூரம் தள்ளிப் போட்டது நாங்கள்தான். இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி முழு வேகத்தில் முறுக்குவான். அவனுக்கென்ன. மண்டை வெடிப்பது எங்களுக்கு.

அச்சரப்பாக்கத்தில் பவானி என்று பெண் பார்த்திருக்கிறோம். அவளுக்கும் காது கேட்காது. ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆனி பிறந்ததும் பூ வைக்கலாம், அதுவரை இரண்டு பேரும் வீடியோவில் கையால் பேசிப் பழகட்டும் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. அவனுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. வீடியோ விட்டால் வேறு வழியில்லை.

வைஃபை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். தினமும் கூடத்தில் உட்கார்ந்து பேசினான். அவன் கைப்பேச்சு எனக்கு மனப்பாடம், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பவானி 'சாப்பிட்டியா' என்று கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைத் தாழ்த்துவாள். அதை நான் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் எதிரிலும் செய்து காட்டினேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. சேகர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்றோடு கூடத்தில் உட்கார்ந்து பேசுவதை விட்டான். ஆறு நாள் ஆகிறது.

நான் கேலி செய்யாத ஆள் கிடையாது. யாரும் தட்டை வைத்துவிட்டுப் போனதில்லை.

வைகாசி 8, வியாழன்

காற்று இல்லை. புழுக்கம்.

வாயால் பேசுகிறவளுக்கு ஒரு சுவர் போதும். கையால் பேசுகிறவனுக்கு யார் கண்ணும் படாத இடம் வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை பார்.

அவனுக்கு அப்படி ஒரே இடம் கொட்டகை. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். உள்ளே சிம் நெட்டும் நுழையாது, படம் உறைந்துவிடும், கை பாதியில் நிற்கும். வெளியே வந்தால் தெருக்குழாய். குடம் வைத்துக்கொண்டு எட்டுப் பெண்கள். எட்டுப் பேரும் என்னை மாதிரியே.

அதனால் வைஃபையைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது என்று முடிவு. யாருக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து சிக்னல் கோடு எண்ணினேன்:

கூடம் - முழுசு
சமையலறை வாசல் - 3
துணி துவைக்கிற கல் - 2
கோழிக்கூண்டு - 1
தென்னை - வரும், போகும்
கொட்டகை வாசல் - பூஜ்யம்

பக்கத்து மனைக்காரி பார்த்துவிட்டு, இன்னாடி தங்கம் தேடுறியா என்றாள். ஆமாம், உன் புருஷன் புதைத்து வைத்தது என்றேன்.

வைகாசி 9, வெள்ளி

வீட்டுக்காரர் கேளம்பாக்கம் போனவர் கடையில் கேட்டு ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்தார். சுவரில் செருகினால் சிக்னலை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்குமாம். கொண்டுபோய்க் கொட்டகைக்குள் செருகினோம். சிவப்பு விளக்கு. அரை மணி நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சாமி வரப் போகிற மாதிரி. வரவில்லை.

கேபிள்காரர் தாஸுக்கு போன் போட்டேன். எங்கே செருகினீங்க என்றார். கொட்டகையில் என்றேன்.

"அக்கா, அங்க சிக்னலே இல்லன்னுதான வாங்கினீங்க. அதுக்கே கெடைக்கல, அது இன்னாத்த குடுக்கும்?"

அதுவும் சரிதான். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் செருகினால் பிடிக்குமாம். கோழிக்கூண்டில் ஏது பிளக். ஞாயிறு நேரில் வருகிறேன் என்றார்.

சே. எதற்கு என்று விசாரிக்கவில்லை. (சே. என்றால் சேகர். முழுசாக எழுதினால் கை வலிக்கிறது.) ஆனால் சாயங்காலம் அந்தப் பெட்டியைக் கழற்றித் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தான். எண்ணெய்க்கறை ஒன்றுகூட இல்லை. எதற்கென்று புரிந்துகொண்டான் போல.

வைகாசி 11, ஞாயிறு

நல்ல நாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

தாஸ் வந்தார். தரையில் வயர் ஓட்டினால் இன்ஜின் வண்டி ஏறி ஏறி அறுந்துவிடும் என்றார். அதனால் இரண்டு வெள்ளைப் பெட்டி, சோப்பு டப்பா அளவு. ஒன்று எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில், ஒன்று கொட்டகைக் கூரைமேல் இரும்புக் குழாயில். இதிலிருந்து அது வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு வயர் உள்ளே இறங்கி, உள்ளே இன்னொரு சின்ன வைஃபை.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துகினே இருக்கணும்க்கா. நடுவுல எதுவும் வரக் கூடாது."

பொண்ணு மாப்பிள்ளை மாதிரி என்றேன். சே. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவனும் சிரித்தான்.

மூன்று மணிக்குப் பச்சை விளக்கு. சே. உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டான். ஐம்பது நிமிஷம். நான் குழாயடியில் காவல். அந்தப் பக்கம் போனவளையெல்லாம் நண்டு வாங்கிக்கோ என்று மறித்தேன். என்னிடம் நண்டே இல்லை.

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். எதையும் செய்து காட்டவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வைகாசி 12, திங்கள்

கடல் காற்று ஆரம்பம். கதவு, ஜன்னல், உதடு எல்லாம் உப்பு.

இந்த ஊரில் மூடாத பொருள் ஆறு மாசம் தாங்காது. என் வீட்டில் மூடி வைத்தவை: கேஸ் ரெகுலேட்டர் (பால் கவர்), டிவி ரிமோட் (பாலிதீன்), மிக்ஸி (பழைய நைட்டி), சைக்கிள் மணி (கிரீஸ்), வீட்டுக்காரர் வாய் (அதற்குத்தான் மூடி கிடைக்கவில்லை).

மாடிப் பெட்டிக்கு மாடிப்படிக் கூரையின் சிமெண்ட் ஷீட் குடை மாதிரி நிற்கிறது. கொட்டகைப் பெட்டி பாவம், வெட்டவெளியில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. மனசு கேட்கவில்லை. என் பழைய அன்னக்கூடை, மீன் வைத்து விற்பேனே, அந்த அலுமினியம்தான், அடியில் சின்ன ஓட்டை விழுந்து சும்மா கிடந்தது. ஏணி போட்டு ஏறிக் கவிழ்த்துவிட்டேன். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டு. பெட்டிக்குக் குல்லா போட்ட மாதிரி அம்சமாக இருக்கிறது. இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

சே. அப்போது சதுரங்கப்பட்டினத்தில் ஒரு இன்ஜின் பார்க்கப் போயிருந்தான். வந்ததும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தால் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது.

வைகாசி 13, செவ்வாய்

கொட்டகையில் நெட் இல்லை. சே. மொபைலை நீட்டிக் காட்டினான், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தாஸ் போனில் கிடைத்தார், மாமியார் ஊர்த் திருவிழாவாம், வியாழன்தான் வருவார். நடுவில் ஏதாவது வந்துவிட்டதா பாருங்கள் என்றார். பார்த்தேன். வீட்டுக்காரர் தன் வலையைத் தென்னைக்கும் கொடிக்கம்பத்துக்கும் குறுக்கே கட்டிக் காயப்போட்டிருக்கிறார். கண்டபடி திட்டி அவிழ்க்க வைத்தேன். நாலு நூல் சிக்கு எடுக்க உட்கார்ந்த மனிதர் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நெட் வரவில்லை.

வைகாசி 14, புதன்

பூவரசு மரத்தில் ஒரு கிளை நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டினேன். வரவில்லை. கொடிக்கயிற்றை மாற்றினேன். வரவில்லை. பக்கத்து மனைக்காரி மொட்டைமாடியில் காயப்போட்ட புடவையைக்கூட எடுக்கச் சொன்னேன், சண்டை. வரவில்லை. விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வீட்டுக்காரர். பெட்டியே கெட்டிருக்கும் என்று நான். குல்லா போட்டும் கெட்டுவிட்டதே என்று வருத்தம் வேறு.

சாயங்காலம் பவானி அம்மா போன். வழக்கமாக முதலில் மீன் என்ன விலை என்று கேட்பார். இன்று கேட்கவில்லை.

"எம் பொண்ணு ரெண்டு நாளா போன கையில வெச்சிகினு உக்காந்துகினு கீறா. அவருக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

இல்லை அண்ணி, இங்கே நெட் கோளாறு என்றேன். வீட்டில் இருக்கிறதே, அங்கேயிருந்து பேசலாமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, சொல்லத்தான் முடியவில்லை. வெள்ளிக்குள் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

கொட்டகைக்குப் போனேன். சே. ஒரு இன்ஜினைக் காரணமே இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன். கூடத்துக்கு வா, இப்போதே பேசு, எல்லாரையும் வெளியே அனுப்புகிறேன் என்று கையால் சொன்னேன். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான், மெதுவாக, ஒவ்வொன்றாக: நீ பார்ப்பாய். அப்புறம் சாப்பாட்டில் செய்வாய்.

திரும்பி இன்ஜினை முறுக்கினான்.



வைகாசி 15, வியாழன்

மேகமூட்டம். மீன் விற்கப் போகவில்லை.

பதினொரு மணிக்கு தாஸ். நேராக மாடிக்கு ஏறினார், நானும் பின்னாலேயே. கண்ணுக்குக் கையைக் குடையாக வைத்துக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பொட்டி எங்க?"

"உள்ள பத்திரமா கீது."

"எதுக்கு உள்ள?"

"அன்னக்கூடைக்கு உள்ள. உப்புக் காத்து படாம."

"அலுமினியமா?"

"ஆமா. நல்ல கெட்டி, அந்தக் காலத்துது."

தாஸ் மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. அந்தப் பெட்டிக்கு மழையும் உப்பும் ஒன்றும் செய்யாதாம், வெளியே வைக்கவே செய்ததாம். தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ளே சிக்னல் நுழையாதாம். கொட்டகைக்குள் நெட் வராததும் அதனால்தானாம். அதாவது, கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து வைத்த பெட்டிக்கு நான் இன்னொரு சின்னக் கொட்டகை கட்டியிருக்கிறேன்.

வலை அவிழ்த்தேன், மரம் வெட்டினேன், புடவைக்குச் சண்டை போட்டேன். நடுவில் நின்றது நான். அன்று சாப்பாட்டு நேரத்திலும் நான், இந்த வாரமும் நான்.

ஏணி போட்டு நானே ஏறினேன். உப்பில் முடிச்சு இறுகிவிட்டது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். கூடையைத் தூக்கிய அஞ்சாவது நிமிஷம் கீழே சே. மொபைலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். நெட் வந்துவிட்டது.

அவன் கூப்பிட்டான். பவானி எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நான் ஏணியில் நின்றபடியே சாமியெல்லாம் கும்பிட்டேன். எடுத்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன், கண் வீங்கியிருந்தது. அவன் என்ன சொல்கிறான் என்று அவள் பார்க்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டால் அவர்களுக்குள் பேச்சு அதோடு சரி.

மொபைலை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ஜெராக்ஸ் கடை ஓனரம்மா எட்டிப் பார்த்து, யாருமா என்றார். அவளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா, ஒரு நிமிஷம் என்றேன். திருப்பினார்.

வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். கூடையைக் காட்டினேன், உள்ளே போய் மொபைலை ஒரு இன்ஜின் மேல் சாய்த்து வைத்தேன். கூடையை என் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குருடி மாதிரி கையை நீட்டித் தடவிக்கொண்டு கொட்டகைக்குள் சுற்றி வந்தேன், டிரம்மில் முட்டிக்கொண்டேன். முட்டியது நிஜமாகவே. அப்புறம் கூடையை எடுத்துவிட்டு, சாப்பாட்டில் நான் அவளைப் போலச் செய்து காட்டியதையும் அதனால்தான் இவன் கூடத்துக்கு வருவதில்லை என்பதையும் கையால் சொன்னேன். அவள் எதிரில் அதைச் செய்து காட்டவில்லை. சொல்ல மட்டும் செய்தேன். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன்.

பவானி சிரிக்கவில்லை. மொபைலை அவனிடம் கொடு என்று கை காட்டினாள்.

கொடுத்தேன். வெளியே வந்தேன். கதவை நானே சாத்தினேன். குழாயடியில் உட்கார்ந்து நெற்றிப் புடைப்பில் குடத்துத் தண்ணீரில் நனைத்த முந்தானையை வைத்து அமுக்கினேன். தாஸ் டீ கேட்டார், போட மறந்துவிட்டேன்.

வைகாசி 16, வெள்ளி

காலையில் பவானி அம்மா போன். சங்கரா என்ன விலை என்று கேட்டார். அப்பாடா. ஆனி முதல் முகூர்த்தத்தில் பூ வைக்க வாருங்கள், ஆடி வந்துவிட்டால் தள்ளிப்போகும் என்றார்.

வீட்டுக்காரருக்கு ஒரு கிளாஸ் மோர் அதிகம் கொடுத்தேன், வலைக்காக. பக்கத்து மனைக்காரிக்கு நாலு காரப்பொடி, புடவைக்காக.

வைகாசி 18, ஞாயிறு

வெயில் குறைவு. அன்னக்கூடை ஓட்டையை அடைக்கக் கேட்டுப் பார்த்தேன். அலுமினியத்துக்கு ஈயம் வைக்க ஆகாது என்கிறார்கள்.

சே.வுக்கு ஒவ்வொருத்தருக்கும் கையில் ஒரு பேர் உண்டு. அவன் அண்ணனுக்கு மீசை முறுக்கு. தாஸுக்கு வயர் சுற்றுவது. எனக்கு மூக்குத்தி, ஒரு விரலை மூக்கோரம் வைப்பான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் என் பேர்.

இன்று சாப்பிடும்போது அண்ணனிடம் என்னமோ சொன்னான். குழம்பு நன்றாக இருக்கிறது, வைத்தது யார் தெரியுமா என்று. என் பேர் வரும் இடத்தில் விரல் மூக்குக்குப் போகவில்லை. இரண்டு கையையும் குவித்துத் தலைமேல் கவிழ்த்தான். வீட்டுக்காரருக்கு மறுபடி புரையேறிவிட்டது.

யார் வைத்த பேர்டா என்று கேட்டேன்.

தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைத் தாழ்த்திக் காட்டினான். பவானி. இந்தத் தடவை எல்லார் எதிரிலும் செய்து காட்டியது அவனே.