ரோகிணிக்கு நகப்பூச்சு

ஜனவரி 9
பிரபஞ்சத்தின் தலைமைப் பேச்சாளனாகிய நான் இன்று கோளரங்கத்தில் மூன்று காட்சி பேசினேன். "இதோ ரோகிணி! செக்கச்செவேலென்று ஊதிப்போன கிழட்டு ராட்சசி. நம்ம சூரியன் நாற்பதை வரிசையாக நிறுத்தினாலும் அவள் இடுப்புக்குப் போதாது!" பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தங்கை போய் இருபத்திரண்டு நாள். பதினோரு வருடமாக இங்கே நான் மைக், அவள் இயந்திரம்.

ஜனவரி 10
சாப்பிட்டேன். என்னவென்று நினைவில்லை.

ஜனவரி 13
கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் அந்த இயந்திரத்தில் ரோகிணிக்கென்று தனிக் குழல் உண்டு. அதன் சிவப்புக் கண்ணாடி உடைந்த அன்று, தங்கை சாதாரணக் கண்ணாடி ஒன்றைச் செருகி அதில் தன் நகப்பூச்சைத் தடவிவிட்டாள். "புதுசு வர்ற வரைக்கும்தாண்ணே." புதுசு வரவே இல்லை.

இன்று அந்தப் பூச்சு உரிந்துவிட்டது. கூரையில் ரோகிணி வெள்ளை வெளேரென்று நிற்கிறாள். நான் பாட்டுக்குச் "செக்கச்செவேல்" என்கிறேன். இருநூறு பேரில் ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

நகப்பூச்சுக் குப்பி அவள் இழுப்பறையில் இருக்கிறது. கை போகவில்லை.

ஜனவரி 19
கடைசி வரிசையில் சுண்டெலி. தங்கை மகள். வங்கியில் அதிகாரி ஆன பிறகும் எனக்குச் சுண்டெலிதான். சாவு வீட்டில் நான் வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. காட்சி முடிந்ததும் நேரே வந்தாள்.

"மாமா, அது வெள்ளையா இருக்கு."

"உன் கண்ணுல கோளாறு."

"இன்னிக்குமா? அன்னிக்கும் ஜோக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீங்க. எங்கம்மா போனதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

ஆகாயத்தையே அளந்து விடுகிற வாய். ஒரு பொய்கூட வரவில்லை.

"தெரியலடி" என்றேன்.

நிஜமாகவே தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தால் வலிக்கிறது. அவ்வளவுதான் — வேறென்ன?

பையைத் தோளில் மாட்டினாள். "இதையாவது சொன்னீங்களே." போய்விட்டாள்.

ஜனவரி 20
இழுப்பறையைத் திறந்தேன். குப்பியின் மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திருகினேன். அடியில் கொஞ்சம் மிச்சம். அந்த வாசனை. குழலின் கண்ணாடியில் தடவினேன், பூச்சு திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது.

ஜனவரி 26
சுண்டெலி வந்தாள். இந்த முறை முன்வரிசை.

விளக்கு அணைந்தது. ரோகிணி எழுந்தாள், சிவப்பாக, ஓரமெல்லாம் பிசிறி, இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக. "இதோ ரோகிணி" என்றேன். அப்புறம் மைக்கில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். இருட்டில் அவள் குரல்: "மெதுவா மாமா. அவசரமில்ல."

தலைமைப் பேச்சாளன் மூன்று நிமிடம் பேசவில்லை. இதில் மிகையே கிடையாது. வெளியே வந்ததும் சுண்டெலி கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாள். காட்டிவிட்டு, கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள்.