விருந்தாளிக்கு மூன்று மாதம்

பாரி, இத்தாலி

அன்புத் தங்கை ஓடெட்,

முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே என்றேன், ஏறியிருப்பாய். நான் சுகம்.

நேற்று என் வசிப்பு அனுமதிக்காக அலுவலகம் போனோம். மருமகன் தனாசிஸ் கிரேக்கர், ஐரோப்பியக் குடிமகன். அவரைச் சார்ந்து வாழும் மாமியாருக்கும் இங்கே தங்க உரிமை உண்டாம்.

என் லெபனான் பாஸ்போர்ட்டைப் பார்த்த அலுவலகப் பெண், "மருமகனைச் சார்ந்துதான் இருக்கீங்களா, அம்மா?" என்று கேட்டாள். நாற்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய என்னிடம்.

"விருந்தாளின்னு எழுதுங்க" என்றேன்.

"விருந்தாளிக்கு மூணு மாசந்தான். சார்ந்திருந்தா அஞ்சு வருஷம்."

என் மகள் ரீமா முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். என் கைப்பையோடு நின்ற தனாசிஸ், "காலையில உங்களுக்குக் காபி போடறது யாரு, அத்தை?" என்றார்.

என் கணவர் இறந்த நாளிலிருந்து மருந்தும் வீட்டு வாடகையும் தனாசிஸ் அனுப்பியதில்தான் நடந்தது. அதைச் சொல்லாமல் காபியைச் சொன்னார்.

"நீங்கதான். எங்க ஊர் மாதிரி ஏலக்காய்தான் போடறதில்ல" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை வாங்கி, 'சார்ந்திருக்கிறேன்' என்று நானே எழுதினேன். சிறுவயதில் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய அதே கையெழுத்தில். அனுமதி வந்துவிடும் என்றாள் அந்தப் பெண்.

ஏலக்காயும், அங்கே விட்டுவந்த என் காபிக் கோப்பைகளில் இரண்டும் அனுப்பு. இரண்டாவது உனக்கு. நீ வந்தால் விருந்தாளிதான். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது.

தனாசிஸ் தபாலுக்குக் கிளம்பிவிட்டார்.

உன் அக்கா,
நஜ்லா