டொமினிக்கின் மூக்கும் ஆறு குழித் தட்டும்

டிச. 8, திங்கள்

விடியலிலிருந்து தூறல். அமல உற்பவி மாதா திருநாள். காலைப் பூசைக்குத் தனியாகப் போய் வந்தேன். டொமினிக் எழுந்திருக்கவில்லை. "நீ போய்ட்டு வா டீச்சர்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வருடங்கள் ஆயிற்று, என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் இன்னும் டீச்சர்.

குடை எடுத்துப் போகாதது தப்பு. மூக்கு ஒழுகுகிறது.

மதியம் ஒரு பார்சல். பெங்களூரிலிருந்து மகள் நான்சி அனுப்பியது. ஆறு குழி வைத்த டோனட் தட்டு, கறுப்பு, நல்ல கனம். போனில்: "அப்பாவுக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாதுன்னு சொல்லிட்டாங்க இல்லம்மா. இது ஓவன்லயே வெந்துடும். ஊறவெச்ச பழமும் சும்மாதானே கிடக்கு?"

சும்மாதான் கிடக்கிறது. அக்டோபரில் கை பழக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறப் போட்டுவிட்டேன். திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா. ரம் டொ.வின் மாத்திரைகளுக்கு ஆகாது என்று ஆரஞ்சுச் சாறு, ஜாடி பிரிஜ்ஜில். அப்புறம்தான் இந்த வருடம் கேக்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். யாருக்காகச் செய்வது? ஆகஸ்டில் வந்த காய்ச்சல் போகும்போது டொ.வின் மூக்கையும் கொண்டு போய்விட்டது. உப்பு, உறைப்பு, இனிப்பு நாக்கில் தெரிகிறதாம். மற்றதெல்லாம் வெந்நீர்.

வாங்க: மைதா, வெண்ணெய், பேக்கிங் பவுடர், பட்டை, ஜாதிக்காய், தைலம் (எனக்கு).

டிச. 10, புதன்

முதல் ஈடு. மைதா, நாட்டுச் சர்க்கரை, முட்டை, மோர், உருக்கிய வெண்ணெய். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. பழம் ஒரு கை. குழியில் முக்கால் வரைதான் ஊற்ற வேண்டுமாம். நான் விளிம்பு வரை ஊற்றினேன். பொங்கி நடு ஓட்டை மூடி, ஆறும் தொப்புள் வைத்த பன்னாக வந்து நின்றன.

டொ. ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். மென்றார், விழுங்கினார்.

"நல்லாருக்கு."

இந்த ஒரு சொல்தான் என்னைக் கொல்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒன்றையும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. குழம்பில் வெந்தயம் ஒரு நொடி கூட வறுபட்டிருக்கும், காபித்தூள் போன வாரத்தது, கேக்கில் ஜாதிக்காய் தூக்கல். வாசற்படி ஏறும்போதே தீர்ப்பு வந்துவிடும். எத்தனை கரண்டிகளை நங்கென்று வைத்திருப்பேன். இப்போது எதைப் போட்டாலும் நல்லாருக்கு. விருந்துக்கு வந்தவர் மாதிரி. சட்டை தோளில் தொங்குகிறது.

ஆழ்வார்பேட்டை டாக்டர் அன்றைக்குச் சொன்னது: வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சிலருக்கு முதலில் தாறுமாறாக வரும், இல்லாத நாற்றமெல்லாம் அடிக்கும், சோறே பிடிக்காமல் போகும், பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் மோந்து பழகச் சொன்னார். டொ. ஜெபமாலை உருட்டுவது போல ஒழுங்காகச் செய்தார். நவம்பரில் நிறுத்திவிட்டார். பாட்டில்கள் இன்னும் ஜன்னலோரம்.

டிச. 13, சனி

மழை. துணி காயவில்லை. சளி நெஞ்சுக்கு இறங்குகிறது, மூக்கு சிமெண்ட் பூசினாற்போல. வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் வாசனை இல்லை. எனக்கு ஆவி பிடித்தால் சரியாகிவிடும்.

நெத்திலிக் கருவாட்டை வறுத்து, மிளகாய் பூண்டு வைத்து மிக்ஸியில் பொடி செய்தேன். உறைப்பாவது தெரியட்டும். டொ.வுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கியது. அதற்கும் நல்லாருக்கு.

மிக்ஸியின் சின்ன ஜார் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருப்பேன். அது முட்டை, மீன், கறி எதுவும் படாதது. மாடி வீட்டு வைதேகி மாமிக்குக் கிறிஸ்துமஸ் தட்டு அனுப்பும்போது மசாலா அரைக்க மட்டும். அவர்கள் வீட்டில் முட்டை வாசலைத் தாண்டாது. இத்தனை வருடமாக நான் முட்டையில்லாமல் தனிப் பாத்திரத்தில் செய்து கொடுப்பது, அவர் நவராத்திரிக்குச் சுண்டல் கொடுப்பது. நூல் கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது. வெட்டிப் போட்டேன். புதுசு கட்ட வேண்டும்.

டிச. 14, ஞாயிறு

திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. ரோஜா நிற மெழுகுவர்த்தி. சாமியார் மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம். தும்மிக்கொண்டே கேட்டேன்.

திரும்பும் வழியில் பாய் பேக்கரியில் ரஸ்க் வாங்கினேன். கல்லாவில் இப்போது பாயின் மகன். "இன்னா மிஸ், சாரு கண்லயே பட மாட்டேன்றாரு? ஒடம்பு எப்டி கீது?" பரவாயில்லை என்றேன். "சாயங்காலம் ஒரு நடை வரச் சொல்லுங்க மிஸ். அவரு வந்து பன்ன கொறை சொல்லாம எங்களுக்கே ஒரு மாதிரி கீது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். சிரித்தார், போகவில்லை. அந்தத் தெரு முனையிலேயே முன்பெல்லாம் வெண்ணெயும் ஈஸ்ட்டும் ஆளைப் பிடித்து இழுக்கும். ஒன்றும் தெரியாமல் அங்கே போய் நிற்பது பிடிக்கவில்லை போலும்.

அந்தக் காலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கில் யார் வீட்டில் ஓவன் இருந்தது? டிசம்பர் வந்தால் வீட்டில் மாவு கலந்து, தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக்கொண்டு பாய் பேக்கரிக்குப் போவோம். அவர்கள் ரொட்டி எடுத்த பிறகு அதே விறகு அடுப்பில் எங்கள் கேக்குகள் உள்ளே போகும். தெருவே மணக்கும். பெஞ்சில் பெண்கள் வரிசை, யார் வீட்டில் எத்தனை முட்டை என்று பேச்சு.

ஒரு வருடம் கொட்டுகிற மழை. கூரை ஒழுகி, சீட்டெல்லாம் நனைந்து உதிர்ந்துவிட்டது. வெந்து வந்தபோது ஒரே மாதிரி அலுமினியத் தட்டுகள், ஒரே மாதிரி பழுப்பு. யாருடையது யாருடையது என்று ஒரே கூச்சல். அப்போது தன் அம்மாவின் தட்டுக்காக வந்திருந்த ஒல்லி இளைஞன் முன்னால் வந்து, ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து, இது ரம் அதிகம், இது நெய்யில் செய்தது, இது போன வருடத்துப் பழம் என்று பிரித்துக் கொடுத்தான். என் தட்டு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இது உங்களுதா? ஏலக்காய தோலோட இடிச்சிகிறீங்க."

என் கணவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். "பிடிக்கலைன்னா மோந்து பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் தோலை உரித்துவிட்டுத்தான் இடித்தேன். இன்றுவரை அப்படித்தான்.

டிச. 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. மாடிப்படியில் வை. மாமியின் கோலம், மழையில் பாதி கரைந்து. "எனக்கு என் பங்கு எப்போ வரும் ஸ்டெல்லா? எங்காத்துல அவர் இப்பவே கேட்டுண்டிருக்கார்." வெள்ளிக்கிழமை என்றேன்.

இரண்டாம் ஈடு முடிந்தது. இந்த முறை ஓட்டை ஓட்டையாகவே வந்தது. மேலே பட்டையும் சர்க்கரையும் தூவினேன். பார்க்க அத்தனை அழகு. கிராம்பை இரட்டிப்பாகப் போட்டுப் பார்த்தேன், ஒரு வேளை...

டொ. பாதி சாப்பிட்டு வைத்தார். "நல்லாருக்கு" கூட இல்லை.

"எனக்குன்னு செய்யாத டீச்சர். மாவு தண்டம்."

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சளி என்று நினைத்துக்கொள்ளட்டும். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் குறை சொல்லும் ஆள் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். இந்த மரியாதைக்காரரோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

டிச. 19, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாமியின் ஈடு. அவருக்கென்றே வாங்கிய இன்னொரு ஆறு குழித் தட்டு, முட்டைக்குப் பதில் தயிர். சின்ன ஜாரில் மசாலா புதிதாக அரைத்தேன். ஆறும் கச்சிதம். நான்கை எவர்சில்வர் தட்டில் வைத்துத் துணி மூடினேன். மாமி தானே இறங்கி வந்துவிட்டார். கையில் தட்டைக் கொடுத்து, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே டொ. மிச்சத்தில் ஒன்றை எடுத்திருக்கிறார். திடீரென்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமி, அத்த இப்டி குடுங்க."

தட்டை மாமியின் கையிலிருந்தே வாங்கிவிட்டார். "அடி தீஞ்சிருக்கு மாமி. நாளைக்கு நல்லதா செஞ்சி அனுப்பறோம்."

"தீஞ்சா என்ன, நான் சுரண்டிண்டு சாப்ட்டுக்கறேன்."

"வாணாம் மாமி. சொன்னா கேளுங்க."

மாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவைச் சாத்தியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கே தீய்ந்தது, காட்டுங்கள் என்றேன்.

"தீயல டீச்சர். கருவாடு நாறுது."

டாக்டர் சொன்ன அது வந்துவிட்டது. இல்லாத நாற்றம். இனி சோறும் பிடிக்காது. கையில் ஒன்றை எடுத்து மோந்தேன், என் மூக்கில் காற்றே போகவில்லை. கடித்துப் பார்த்தேன், இனிப்பும் கிராம்பின் காரமும்தான். "அது உங்க மூக்கு பண்ற வேலைங்க. இதுல ஏது கருவாடு? டாக்டர்தான் சொன்னாரே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"இருக்கும்" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார். தைரியமாகக் கை தூக்கிப் பதில் சொல்லி, தப்பு என்று உட்கார வைக்கப்பட்ட பையன் முகம். எத்தனை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் தேவி பாத்திரம் தேய்க்க வந்தாள். டீயோடு ஒரு டோனட் கொடுத்தேன். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆண்டவர் சாட்சி. வாய் வரை கொண்டு போனவள் நிறுத்தினாள்.

"இன்னாக்கா, உள்ள கருவாடு கிருவாடு போட்டுகிறியா?"

ஓடினேன். ஜார் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஐய, தூர எட்த்துனு போக்கா. கருவாடேதான்." நூல். நான்தான் வெட்டினேன், புதுசு கட்டவே இல்லை. இரண்டு ஜாரும் ஒன்றுபோல.

வளையத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்திலிருந்து குரல்: "இன்னா டீச்சர், அழுவறியா சிரிக்கறியா?"

"ரெண்டும்தான். என்ன கருவாடுங்க அது?"

"நெத்திலி. சென்னாங்குனின்னா வேற மாதிரி நாறும்."

தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் ஈடு முழுக்கக் குப்பையில் போட்டுவிட்டு இந்த அக்கா ஏன் தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று முழித்தாள்.

டிச. 20, சனி

மழை விட்டது. மாட வீதியில் புது ஜார், ஒரு கண்டு சிவப்பு நூல். கடைக்காரரிடமே கத்தரிக்கோல் வாங்கி அங்கேயே கட்டிக்கொண்டு வந்தேன்.

மாமியின் ஈடு முதலில். தட்டை நானே மேலே கொண்டு போனேன். மாமி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "அமிர்தமா இருக்கு. நேத்திக்கே குடுத்திருக்கலாம் ஸ்டெல்லா, எனக்குத் தீஞ்ச வாசனையே வரலையே."

"அவருக்கு வந்துதே மாமி" என்றேன். மாமிக்கு டொ.வின் காய்ச்சல் கதை தெரியும். என் தோளைத் தட்டிவிட்டு, "போ, மொதல்ல ஆத்துக்குப் போ" என்றார்.

பிறகு எங்களுக்கு. முட்டை, மோர், மற்றதெல்லாம் பழைய அளவு. கிராம்பு குறைத்து. ஏலக்காய் நாலு, தோலோடு.

தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்து, பாத்திரத் தொட்டியில் வேலை இருப்பது போல நின்றேன். நல்லாருக்கு என்று சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று மனசுக்குள். குழாயைக் கூடத் திறக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"ஜாதிக்கா ஒண்ணும் தெரியல. பட்டையும் தெரியல." மறுபடி மெல்லும் சத்தம். "ஆனா இது இன்னா, ஏலக்காய தோலோட போட்டுகிற?"

திரும்பாமலே, "பிடிக்கலைன்னா வெச்சிடுங்க" என்றேன்.

வைக்கவில்லை.