காலடியில் வைத்த விளக்கு

என் வீட்டு அதிகாரி அம்மாவுக்கு, உன் அடங்காத வீட்டுக்காரன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? திட்ட ஆளில்லாமல் வாய் வலிக்கிறதா?

இங்கே கழிமுகத்தில் கூண்டுகளில் வளர்க்கும் மீன்களுக்குத் தீனி போட, விடியுமுன் சின்னப் படகில் போகிறேன். நேற்று தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும்தான் ஆழம் இருந்தது. மணல் ஏற்றிய பெரிய படகும் அந்த வழியிலேயே வந்துவிட்டது. உரசவில்லை, ஒரு முழம் தள்ளித்தான் போனது. பயப்படாதே.

"யோவ், விளக்கு எங்கய்யா?" என்று அதன் ஓட்டுநர் கத்தினார்.

"இந்தா, காலடியில எரியுதே!"

"தீனி மூட்டைக்குப் பின்னாடி வச்சா எனக்கு எப்படித் தெரியும்? அது நீ வழி பாக்கவா? நீ இருக்கிறது எனக்குத் தெரிய வேணாமா? ஒசரத்துல கட்டுய்யா!"

இத்துணூண்டு படகுக்கு இதுவே அதிகம் என்று நினைத்திருந்தேன். இப்போது படகில் மூங்கில் நட்டாகிவிட்டது. விளக்கை அதில் கட்ட உன் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. கடையில் கயிறு கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும். நீ அனுப்பு.

தண்ணீர் ஏறுகிறது, படகை எடுக்க வேண்டும். சேலை வரும்வரை சும்மா விடவில்லை, கயிற்றால்தான் கட்டியிருக்கிறேன். அதற்கும் திட்டாதே.

உன் வீட்டுக்காரன்