ரஹ்மத்தின் படிவம்

ஆடி 3, சனிக்கிழமை.

மூன்று நாள் மரபணுத் தரவுப் பயிற்சி. நடத்த வந்த சென்னைக்காரர், சீசன் நன்றாக இருக்கிறதென்று இன்று, இரண்டாம் நாள் மத்தியானமே, முடித்துவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார். த்தூ.

"இனி தனியாகச் செய்யத் தெரியுமா?" என்று கருத்துப் படிவத்தில் ஒரு கேள்வி. மாணவர்கள் எல்லோரும் "தெரியும்" என்று டிக் அடித்திருந்தார்கள். செங்கோட்டை ரஹ்மத் மட்டும் "தெரியாது".

"என்னட்டி இது?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார்தான மிஸ் எல்லாத்தையும் செஞ்சாவ. நாங்க கம்ப்யூட்டரத் தொடவே இல்லையே."

அப்படியே சென்னை அலுவலகத்துக்கு அனுப்பினால் அடுத்த வருடம் எங்கள் கல்லூரிக்குப் பயிற்சியே தரமாட்டார்கள். அவள் போனதும் அதைக் கிழித்துப்போட்டு, வேறு படிவத்தில் அவள் பெயரை எழுதி, "தெரியும்" என்று நானே டிக் அடித்தேன். அந்த ஆளையா நான் காறித் துப்பினேன்?

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தபோது ரஹ்மத் சிரித்துக்கொண்டே, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.